ஓதம்

மூன்றாவது பொத்தானோடு விரல் நின்றுவிட்டது. மேலே இரண்டு கழன்றிருந்தன, பனியனின் கழுத்துப் பட்டி வெளியே தெரிந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி பேன்ட்டை உருவிக் காலாலேயே மூலைக்குத் தள்ளிவிட்டு, தொடையைச் சொறிந்துகொண்டே, "என்ன அண்ணாச்சி, பொண்ணு மாதிரி கூச்சப்படுறீங்க" என்றார். சொறிந்த இடத்தில் நகத்தின் தடம் சாம்பல் கோடுகளாக நின்றது. சௌந்தரபாண்டியன் அதைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தார். வெந்நீர்க் குளியல் கூடத்தின் உடை மாற்றும் அறை அது. தரையில் யாருடையதோ ஈரக் கால்தடம், அதன் நடுவில் ஒரு முடி. செம்பட்டை முடி, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வளைந்து கிடந்தது. அந்த முடியைத் தாண்டித்தான் போக வேண்டும், செருப்பில்லாமல். எங்கும் அழுகிய முட்டை நாற்றம். இந்த ஊர்த் தண்ணீரே அப்படித்தான், பூமிக்குள்ளிருந்து கந்தகத்தோடு வெந்நீராகவே வருகிறது, மூட்டுவலி போகும், சளி போகும், தோல் வியாதி போகும் என்று வழிகாட்டிப் பெண் காலையில் பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தோல் என்ற சொல் வந்தபோது தனுஷ்கோடி தன் பக்கம் திரும்பினாரா இல்லையா. திரும்பினார். ஆனால் ஜன்னல் இந்தப் பக்கம்தானே இருந்தது, ஜன்னலைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே அப்போது என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒரு சுவர். வெறும் சுவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள். சௌந்தரபாண்டியன் பார்ப்பார், பெயின்ட் வியாபாரி. தனுஷ்கோடியும் பெயின்ட் வியாபாரிதான், விருதுநகரில் கடை. கோவில்பட்டியில் சௌந்தரபாண்டியனுக்குக் கடை. விற்பனை இலக்கைத் தாண்டிய டீலர்களைக் கம்பெனி இந்த முறை ஜார்ஜியாவுக்கு அழைத்து வந்திருந்தது, திபிலிசி நகரம், கோழிக்கறியும் குளிரும். தனுஷ்கோடியும் இதே பயணத்தில் வரப்போகிறார் என்று தெரிந்தபோது மனைவி செல்வக்கனிதான் சந்தோஷப்பட்டாள். நல்லதாப் போச்சு, கூடவே இருந்தா மனசுவிட்டுப் பேசிக்கிடலாம், ஆவணியில நிச்சயம் வச்சுக்கிடலாம்னு நீங்களே சொல்லிருங்க என்றாள். மகள் சங்கரிக்குத் தனுஷ்கோடியின் மூத்த மகன் கார்த்தீசனைப் பேசியிருந்தது. பேசியிருந்தது என்பது பெரியவர்கள் கணக்கு. அவர்கள் இருவரும் அதற்குள் போனில் பேசிப் பேசி, சங்கரி மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்க ஆரம்பித்திருந்தது. அப்படி அவள் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பு இப்போது இந்தப் பனியனுக்குள் இருந்தது.

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றினார். தடித்த கண்ணாடி, அதற்குப் பின்னால் கண்கள் பொடியாகத் தெரியும், கழற்றியதும் முகம் வீங்கி வேறு யாரோ போல ஆகிவிட்டது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம், பள்ளத்தில் பிசுக்கு. "இதை நீங்க வச்சிருங்க அண்ணாச்சி, உள்ள ஆவியில ஒண்ணும் தெரியாது, கீழ போட்டேன்னா இந்த ஊர்ல மாத்திக்கூட வாங்க முடியாது. கண்ணாடி இல்லாட்டி எதிர்ல எருமை நின்னாலும் எனக்குத் தெரியாது" என்று நீட்டினார். எருமை நின்றாலும். சௌந்தரபாண்டியன் வாங்கிக்கொண்டார். தண்டில் இருந்த இளஞ்சூடும் ஈரமும் விரலில் ஒட்டின, காதோரத்து வியர்வை, உவ்வே என்று தொண்டை வரை வந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு முடிச்சு தளர்ந்தது. தெரியாது. அவரே சொல்லிவிட்டார் தெரியாதென்று. தனுஷ்கோடி அந்த ஊர் வெள்ளைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார். "வாங்க, வாங்க, வந்துருங்க." கதவு திறந்து மூடும்போது ஆவி வெளியே ஒரு நாக்கு போல நீண்டு உள்ளே போயிற்று. எருமை தெரியாது என்றால் எருமையின் உருவம் தெரியாதா, நிறம் தெரியாதா. கண்ணாடி இல்லாதவனுக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியாது, சரி. கறுப்புச் சுவரில் வெள்ளை அடித்திருந்தால் தெரியாமலா போகும். தெரு முனையிலிருந்து அரைக் குருடன்கூட அதைச் சொல்லிவிடுவான். கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூன்றாவது பொத்தான். நான்காவது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பை கனத்தில் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. பேன்ட்டையும் அவிழ்த்து வெள்ளைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பனியனோடு நின்றார்.

கன்னத்தைத் துடைத்தார். காலையிலிருந்து அதே கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டலுக்கு எதிரே பூங்காவில் ஒரு கிழவன், தாடி, பற்களில் பாதி தங்கம், இவர்களைப் பார்த்ததும் "இந்தியா, இந்தியா" என்று கத்தியபடி வந்து ஏதோ பழைய இந்திப் பாட்டில் ஒரு வரியை நாக்கு குழறப் பாடி, திடீரென்று கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டான். தாடி குத்தியது. எச்சில் ஒட்டியது. விடிந்தும் விடியாத நேரத்தில் வாயில் திராட்சை மது வாடை. டீலர்கள் எல்லாரும் சிரித்தார்கள், போனில் படம் எடுத்தார்கள், தனுஷ்கோடி முன்னால் போய் "எனக்கும் ஒண்ணு" என்று கன்னத்தைக் காட்டினார். சௌந்தரபாண்டியன் பையிலிருந்து கிருமிநாசினி எடுத்துத் தேய்த்தார், பஸ்ஸில் ஏறியும் தேய்த்தார். பிறகு ரொட்டிக் கடை. சுவரில் பொந்து மாதிரி ஒரு ஜன்னல், உள்ளே தந்தூரி அடுப்பு போல ஒன்று, ஒரு பெண் அதற்குள் இடுப்பு வரை குனிந்து படகு வடிவ ரொட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தபோது மேலுதட்டு வியர்வையை முன்கையால் வழித்தாள், அதே கையால் ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள், காகிதம்கூட இல்லை. முன்கையில் சூடு பட்ட வடு, ரோஜா நிறம், ஓரம் மட்டும் வெளுத்து. அவர் ரொட்டியைப் பார்க்கவில்லை, வடுவின் ஓரத்தைத்தான் பார்த்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் தோலைத்தான் பார்ப்பார். கடைக்கு வருகிறவர்களிடமும் அப்படியே. இவனுக்குத் தேமல், இவளுக்கு முழங்கையில் செதில், இந்த மேஸ்திரிக்கு விரலிடுக்கில் சுண்ணாம்புப் புண். பார்த்ததும் குமட்டும், மீதிக் காசைக் கல்லாப் பலகையில் வைத்து நகர்த்துவார், கையில் தரமாட்டார். சுத்தக்காரர் என்று ஊரில் பெயர். ரொட்டியைத் தனுஷ்கோடி பிய்த்துத் தின்றார், வாயைத் திறந்தே மெல்லுவார், வெள்ளை மாவு நாக்கில் உருண்டு வருவது தெரியும். "என்ன நிறம் பார்த்தீங்களா அந்தப் பொம்பள, அடுப்புல வெந்தும் வெள்ளையா இருக்கா. நம்மாளு நிழல்ல நின்னாலும் கருகிடுறான்." பஸ் ஏறும்போது, ரொட்டித் துகளோடு அவர் தோளில் கை போட்டு, "உங்க சங்கரியும் நல்ல கலரு. அதுதான் எங்க வீட்ல ஒரே பார்வையில பிடிச்சுப்போச்சு. வெளியில சொல்லப்பிடாது, வர்ற பொண்ணு கலரா இருந்தாத்தான் அடுத்த தலைமுறை தெளியும்" என்றார். தெளியும். சேறு தெளிகிற மாதிரி. தோளில் இருந்த அந்தக் கைக்கும் அதற்கும் நடுவே சட்டையும் பனியனும் மட்டும் இருந்தன. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழேதான் அது தொடங்குகிறது.

அவர் அதை முழுதாகப் பார்த்ததில்லை. சலூனில் முடிவெட்டி முடிந்ததும் பிடரியைக் காட்டப் பின்னால் ஒரு கண்ணாடி பிடிப்பார்களே, அதுபோல வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, செல்வக்கனியின் கைக்கண்ணாடியை முன்னால் பிடித்துப் பார்த்திருக்கிறார். துண்டு துண்டாகத்தான் தெரியும். முதலில் ஒரு நாணயம் அளவு வெளுப்பு. பிறகு ஓரங்கள் நகர்ந்தன. கார்போகரிசி எண்ணெய் தடவி மொட்டை மாடி வெயிலில் உட்காரவைத்தாள் செல்வக்கனி, கொப்புளம் வந்ததுதான் மிச்சம். மதுரை டாக்டர் சொன்னார், இது தொத்தாது, குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, உயிருக்கும் ஒன்றும் செய்யாது. பரம்பரையா வருமா சார். அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. உறுதியா. அந்தச் சொல்லை அவர் பல வருஷங்களாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதா, வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாதா, அன்றைக்கே கேட்டிருக்கலாம், கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்று பீஸைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். சங்கரி குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதெல்லாம் அவள் கழுத்தை, முழங்கையை, கணுக்காலைப் பார்ப்பார். தகப்பன் மகளைப் பார்க்கிற பார்வையா அது, சரக்கைச் சோதிக்கிற பார்வை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. குழந்தையில் ஒருமுறை அவள் அவர் முதுகில் ஏறி விளையாடியபோது பனியன் ஏறிவிட, விரலை வைத்து, "அப்பா, சுண்ணாம்பு" என்று நகத்தால் சுரண்டினாள். அன்றிலிருந்து யாரையும் முதுகில் ஏற்றவில்லை. கடையில் வாடிக்கையாளர்கள் வெள்ளைக்குத்தான் அதிகம் சண்டை போடுவார்கள். இது ஐவரி, இது மில்க் ஒயிட், இது கொஞ்சம் மஞ்சள் தட்டுது என்று ஷேட் கார்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அத்தனை வெள்ளையில் ஒன்றும் இந்த வெள்ளை இல்லை. இது பூசின வெள்ளை இல்லை, எடுத்துவிட்ட வெள்ளை. ஓதம் ஏறின சுவர் மாதிரி. அடியிலிருந்து ஈரம் ஏறி, உப்புப் பூத்து, மேலே அடித்த வண்ணம் பொருக்குப் பொருக்காக விழும். அதற்கு என்ன பெயின்ட் அடித்தாலும் நிற்காது அண்ணாச்சி, சுவரைக் கொத்தித்தான் ஆகணும் என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, மேலே பூசி மறைக்கிற மாதிரி ஒரு டப்பாவையும் விற்பார்.

கதவு திறந்தது. தேய்த்துவிடுகிற ஆள் வந்து நின்றான். குராம் என்று வாசலில் பெயர் சொன்னார்கள். மலை மாதிரி, வெற்றுடம்பு, மார்பு நிறைய நரைமயிர் ஈரத்தில் சுருண்டு, இடுப்பில் ரப்பர் துணி, கையில் சொரசொரத்த உறை. "மோதி" என்றான். வா என்று அர்த்தம், காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தது. சௌந்தரபாண்டியன் பனியனோடு நடந்தார். "ஆரா" என்றான். இல்லை. உறை மாட்டாத கையின் விரலால் பனியனைச் சுண்டிக் காட்டினான். இவர் நெஞ்சைத் தடவி இருமிக் காட்டினார், குளிர், சளி என்று. அவன் ஆவி வருகிற பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான். குளிரா, இங்கேயா. பல் தெரிந்தது, அதுவும் தங்கம். பிறகு குழந்தைக்குக் கழற்றுவதுபோல, கேட்காமல், பனியனின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தலைவழியாக உருவி ஆணியில் மாட்டினான். அவ்வளவுதான். இத்தனை வருஷமாகத் திருச்செந்தூரில் யாராலும் அவரைக் கழற்றவைக்க முடியவில்லை. அங்கே சட்டையையும் பனியனையும் கழற்றாமல் ஆண்கள் சாமி கும்பிட உள்ளே போக முடியாது, அதனால் கல்யாணமான புதிதில் போனதோடு சரி. ஒவ்வொரு வருஷமும் வியாபாரிகள் சங்கத்து வேன் போகும், எல்லாரும் உள்ளே போவார்கள், அவர் கடலைப் பார்த்துக்கொண்டு செருப்புகளுக்குக் காவல் இருப்பார். இப்போது தனுஷ்கோடி வீட்டு வழக்கம், கல்யாணம் திருச்செந்தூரில்தான் என்கிறார்கள். கிளம்புகிற அன்று சங்கரி அவர் பெட்டியை அடுக்கிக்கொண்டே, மடித்த பனியன்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள், "கல்யாணத்தன்னைக்கும் இதோடதான் நிப்பீங்களாப்பா?" அவர் பாஸ்போர்ட் எங்கே என்று தேடினார்.

உள்ளே வெளிச்சம் குறைவு. வளைந்த கூரையின் உச்சியில் ஒரு துளை, அதிலிருந்து பால் நிறத்தில் வெளிச்சம் ஆவியில் இறங்கியது. உள்ளூர் ஆட்கள் நான்கைந்து பேர் ஒட்டுத் துணியில்லாமல் நடமாடினார்கள், தொப்பை, தொங்கின சதை, சிவந்த பிருஷ்டம், ஒருவன் நின்றபடி பல் துலக்கி அதே தரையில் துப்பினான், துப்பியது சௌந்தரபாண்டியனின் கால் அருகே ஓடிவந்து வாய்க்காலில் விழுந்தது. வாய்க்கால் சல்லடையில் சோப்பு நுரையும் முடியும் திரண்டு ஒரு எலிக்குட்டி போலக் கிடந்தது. தனுஷ்கோடி தொட்டிக்குள் கழுத்து வரை மூழ்கி, "ஆ, ஆ" என்று முனகிக்கொண்டிருந்தார். இவர் சுவரோடு முதுகை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார். சுவர் ஈரமாக, வழவழவென்று, எத்தனை முதுகு தேய்த்ததோ. தன் முதுகை மறைக்க ஊரார் முதுகு அழுக்கில் சாய்ந்து நடக்கிறோம் என்று நினைத்தபோது சிரிப்பும் குமட்டலும் சேர்ந்து வந்தன. யாரும் அவரைப் பார்க்கவில்லை. பல் துலக்கினவன் அவர் வழியை விட்டு விலகினான், அதுவும் பார்க்காமல். கல் திண்டில் குப்புறப் படுக்கச் சொன்னான் குராம். படுத்தார். முகத்தடியில் ஈரக் கல், அதன் மூலையில் கறுத்த பாசி. முதுகு கூரையைப் பார்த்துத் திறந்து கிடந்தது. இப்போது அது முழுதாக இருந்தது, அவரே பார்க்காதது, ஒருவன் கண்ணுக்கு முன்னால். ஒரு வாளி வெந்நீர் விழுந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கை வரவில்லை. ஏன் வரவில்லை. பார்க்கிறான். உறையைக் கழற்றுகிறான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறான், இந்தத் தண்ணீரில் இவனை விட்டது யார் என்று சண்டை வரப் போகிறது, கூட்டம் கூடும், அந்தக் கூட்டத்துக்குள் தனுஷ்கோடி தடவித் தடவி வந்து என்ன என்ன என்று கேட்பார். ஒரு கட்டை விரல் தோள்பட்டைக்குக் கீழே வந்து அழுந்தியது. சரியாக ஓரத்தில். ஓரத்தின் வழியாகக் கொஞ்ச தூரம் போயிற்று, வரைபடத்தில் கரையைத் தொடர்வதுபோல. நின்றது. பிறகு உறை இறங்கியது. கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பு, கறுப்பின்மேலும் வெளுப்பின்மேலும் ஒரே அழுத்தம், தோல் உரிகிற மாதிரி, அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். செல்வக்கனி எண்ணெய் தடவும்போதுகூட அந்த இடத்தில் விரல் நுனியை மட்டும் வைப்பாள். இந்த மனுஷன் உள்ளங்கை முழுக்க வைத்து அழுத்தினான். குராம் அடுத்த திண்டில் இருந்த இன்னொரு ஆளிடம் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். எதற்கு. அதைப் பற்றியா, அவன் வீட்டு விஷயமா, நேற்றைய பந்தாட்டமா. மொழி தெரியாத சிரிப்பு எல்லாம் நம்மைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. பிறகு உறையை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து காட்டினான், பெருமையாக. திரிதிரியாகச் சாம்பல் நிற அழுக்கு. உள்ளூர் ஆட்களுக்கும் அப்படித்தான் காட்டினான், அது அங்கே வழக்கம் போலிருக்கிறது, இவ்வளவு எடுத்தேன் பார் என்று. நாள் தவறாமல் குளிக்கிறவர் அவர். இவ்வளவு அழுக்கு அவருடையது. அவர் அந்தத் திரிகளில் வெள்ளையைத் தேடினார். எல்லாம் ஒரே சாம்பல்தான்.

தொட்டிக்குள் தனுஷ்கோடிக்கு எதிரே இறங்கினார், முதுகு சுவர்ப் பக்கம். தண்ணீர் கொதித்தது. கந்தகம் மூக்கைக் கடந்து நாக்கில் இறங்கிவிட்டிருந்தது. தனுஷ்கோடி சத்தம் வந்த பக்கம் கண்ணைச் சுருக்கி, "யாரு, அண்ணாச்சியா?" என்றார். "ஆமா." "பக்கத்துல வாங்க. ஒண்ணு கேக்கணும். வெளியில வச்சுக் கேக்க முடியல, நம்ம பயலுவ காது எல்லா பக்கமும் இருக்கு. இதுக்குத்தான் உங்கள இங்க இழுத்துக்கிட்டு வந்தேன்." அவர் முதுகைச் சுவரோடு இன்னும் அழுத்தினார். அப்படியானால் தெரியும். பஸ்ஸில் திரும்பியது ஜன்னலுக்காக இல்லை. சங்கரி மாடிப்படியில் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் தெரிந்தது, சிரிக்காமல். "கேளுங்க" என்றார். தனுஷ்கோடி தண்ணீரைக் கொப்பளித்துப் பக்கவாட்டில் துப்பினார், அது இருவருக்கும் நடுவில் கரைந்தது. "தப்பா நெனைக்கப்பிடாது. உங்க ஊர்ல விசாரிச்சோம். விசாரிக்காம பொண்ணு எடுக்க முடியுமா, நீங்களும் விசாரிச்சிருப்பீங்க. வருஷா வருஷம் சங்கத்து ஆளுங்க திருச்செந்தூர் போறாங்க, நீங்க மட்டும் கோயிலுக்குள்ள வர மாட்டேங்கீங்களாம். கடல் பக்கமே நின்னுக்கிடுவீங்களாம்." "கூட்டம். மூச்சு முட்டும்." "கூட்டம் இல்லாத நாள்லயும் அப்படித்தானாம். என் மச்சினன் சொல்லுறான்," தனுஷ்கோடி குரலைத் தணித்தார், "ஆளு வேதத்துல சேர்ந்துட்டாரு, வீட்டுக்குத் தெரியாம ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறாரு, சட்டைக்குள்ள சிலுவை போட்டிருக்காரு, அதனாலதான் யார் முன்னாலயும் சட்டையக் கழட்ட மாட்டேங்காருன்னு."

சௌந்தரபாண்டியனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிலுவை. இத்தனை வருஷம் மறைத்து மறைத்து வைத்ததை ஊர் மோப்பம் பிடித்து, வேறு ஒன்று என்று முடிவுகட்டி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. அவர் சிரித்தார். சிரிப்பு கூரையில் மோதித் திரும்பி வந்தபோது அழுகை மாதிரி கேட்டது, உள்ளூர் ஆள் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "சிரிக்காதீங்க அண்ணாச்சி. எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா வீடே வேதக்காரங்கதான், எனக்கு ஒண்ணுமில்ல. வீட்ல பொம்பளைங்க வாய அடைக்கணும்ல." "தொட்டுப் பாருங்க" என்றார் சௌந்தரபாண்டியன். அப்படிச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தனுஷ்கோடி தயங்கவில்லை. ஊறிச் சுருங்கின விரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வந்து நெஞ்சில் பட்டு, ஏறி, கழுத்தைச் சுற்றின, பிடரியில் சங்கிலியைத் தேடின, தோள்பட்டைக்கு அந்தப் பக்கம் இறங்கின. அந்த இடத்தின்மேலேயே வந்து நின்றன. விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தடவினால் தெரியாது அது, எல்லாத் தோலும் போலத்தான் இருக்கும், கண்ணுக்கு மட்டும்தான் வியாதி. "ஒண்ணுமில்ல" என்றார் தனுஷ்கோடி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி. "அப்பாடா. மச்சினன் மூஞ்சியில கரியைப் பூசுறேன் இருங்க." "வேற எதுவும் கேள்விப்பட்டீங்களா?" "வேற என்ன இருக்கு?"

தண்ணீர் குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. இப்போது சொல்லலாம். இப்போது சொல்லாமலும் இருக்கலாம், இனி எப்போதும் சொல்லாமலிருக்கலாம், திருச்செந்தூர் அன்றைக்குக் காய்ச்சல் வரலாம், நெஞ்சுவலி வரலாம், பெரியப்பா மகனை நிறுத்தித் தாரைவார்க்கச் சொல்லலாம், பிறகு பிள்ளை பிறக்கும், அதன் கழுத்தையும் முழங்கையையும் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். "ஒண்ணுமில்ல" என்றார் சௌந்தரபாண்டியன். "அப்ப முடிஞ்சுபோச்சு. இனிமே அண்ணாச்சி கிடையாது, சம்பந்திதான். ஆவணியில நிச்சயம், தையில கல்யாணம். சம்பந்தி, நம்ம வழக்கம் தெரியும்ல, பொண்ணுக்குத் தகப்பன் இடுப்புல வேட்டி, மேல துண்டு, அவ்வளவுதான். சும்மா ஜம்முன்னு நிக்கணும்." தனுஷ்கோடி கால்களை நீட்டினார், அவர் பாதம் இவர் தொடையில் உரசி அங்கேயே தங்கியது. ஆவிக்குள் நடமாடுகிற வெள்ளை உருவங்களின் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ரகசியம் சொல்வதுபோல, "பாருங்க, கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியுது. என்ன வெள்ளை. சம்பந்தி, நமக்குப் பேரப்பிள்ளை இப்படிப் பிறக்கணும்" என்றார். வாயிலிருந்து எச்சில் நூல் ஒன்று தண்ணீருக்கு இறங்கியது. சௌந்தரபாண்டியன் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நகங்கள் மஞ்சளாகத் தடித்திருந்தன. ஆச்சரியம், குமட்டவில்லை. குமட்டல் அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய், சல்லடை முடியை, கிழவன் முத்தத்தை, ரொட்டிக்காரியின் கையையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, தங்க இடமில்லாமல் திரும்பி வந்தது. இருமிக் காட்டின தன் கையிடம் வந்தது. குளிர், சளி. தொட்டுப் பாருங்க. ஒண்ணுமில்ல. மகளின் கணுக்காலைப் பார்க்கிற கண்ணிடம் வந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டது.

உடை மாற்றும் அறையில் தனுஷ்கோடி பலகையில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் போடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டதால் ஆவி போய், மேலே எரிந்த குழல் விளக்கின் வெளிச்சம் கூசியது. குராம் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தான். சௌந்தரபாண்டியன் ஆணிப் பக்கம் போனார். சட்டை, அதன்மேல் பனியன். பனியனை எடுத்தார். கிளம்பும்போது சங்கரி மடித்து வைத்தவற்றில் ஒன்று, மடிப்புக் கோடுகூட முழுதாகக் கலையவில்லை. உள்ளே தலையை விட்டால் முடிந்தது. "சம்பந்தி, அந்தக் கண்ணாடி" என்று தனுஷ்கோடி கையை நீட்டினார், இவர் நிற்கிற திசையைச் சரியாகத் தெரியாமல், சுவரைப் பார்த்து. நீட்டின கை காற்றில் விரிந்து காத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். இரண்டு வில்லையிலும் ஆவி படிந்து பால் போல மூடியிருந்தது. பனியனின் நுனியால் ஒரு வில்லையைத் துடைத்தார், திருப்பி அதன் உள்பக்கத்தைத் துடைத்தார், மற்றதையும் துடைத்தார், மூக்கில் உட்காருகிற இடத்துப் பிசுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தார், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து இன்னொருமுறை துடைத்தார். ஈரமாகிவிட்ட பனியனைத் திரும்ப ஆணியில் மாட்டினார். கண்ணாடியின் தண்டுகளை விரித்து அந்தக் கையில் வைத்துவிட்டு, வெற்று முதுகு அவர் பக்கம் இருக்கத் திரும்பிக் குனிந்து, பலகைக்கு அடியில் கிடந்த தன் செருப்பைத் தேடினார்.